பேய்க்கணவாய்க்குப் புத்தி உண்டு, சரி. இயற்கைத் தேர்வுக்கு?

வேதாளை நிலா

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கேள்விகள். இரண்டையும் கலக்காமல் பேசினால் நன்றாக இருக்கும்.

பாக் நீரிணைப் பக்கம் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்க ஒரு பழைய முறை உண்டு, இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஐவிரல் சங்குகளை நீளக் கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டிக் கடலடியில் கிடத்துவார்கள். இரை வைப்பதில்லை. சங்குக்கு மூடியும் கிடையாது. பேய்க்கணவாய் தானாக வந்து உள்ளே புகுந்துகொள்ளும். கயிற்றை இழுக்கும்போது நழுவிப் போக வழி இருக்கிறது, ஆனால் போகாது. இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும். பேய்க்கணவாய் வகைகளில் ஒன்றுதான் ஆய்வகத்தில் ஜாடி மூடியைத் திருகித் திறந்து உள்ளே கிடக்கும் நண்டை எடுக்கிறது. இந்தோனேசியக் கடலில் ஒரு வகை பாதித் தேங்காய்ச் சிரட்டைகளைத் தூக்கிக்கொண்டே நடந்து, வேண்டும்போது அதற்குள் ஒளிந்துகொள்கிறது என்று 2009-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

முதல் கேள்வி: இது புத்தியா, வெறும் பிறவிப் பழக்கமா? இரண்டாவது: புத்தி என்றே வைத்துக்கொண்டால், சுமார் ஐம்பது கோடி நரம்பணுக்கள் உள்ள அந்த உடம்பை உண்டாக்கிய இயற்கைத் தேர்வுக்கும் (சூழலுக்குப் பொருந்தியது பிழைத்துப் பெருகுவது) ஏதோ ஒரு புத்தி இருக்கத்தானே வேண்டும்? இல்லாத இடத்திலிருந்து எப்படி வரும்?

கீழக்கரை பாய்

நல்ல கேள்வி தங்கச்சி. இரண்டாவதுக்கு என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

தனுஷ்கோடி மணலில் பங்குனி ஆமை குழி தோண்டிச் சுமார் நூறு முட்டை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது. அப்புறம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒன்றரை மாதம் கழித்துக் குஞ்சு மேலே வரும்போது தாயும் இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. ஆனாலும் கடல் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிகிறது. அது குஞ்சின் அறிவு இல்லை என்றால் வேறு யாருடைய அறிவு? படைத்தவன் வகுத்த ஒழுங்கு என்பது என் நம்பிக்கை. அறிவியல் படித்தவர்கள் வேறு பெயரில் சொன்னாலும், ஒழுங்கு இருக்கும் இடத்தில் அறிவு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

தங்கச்சிமடம் அக்கா

பாய், அந்தக் குஞ்சுகளைக் கிட்ட இருந்து பார்த்தவள் நான். கண் இமையில் ஈர மணல் ஒட்டியிருக்கும், கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் ஒரு நொடி திருப்பும், அப்புறம் ஒரு பக்கமாகத் துடுப்பைப் போட்டு ஓட ஆரம்பிக்கும். ஆனால் அது தேடுவது கடலை இல்லை. தாழ்வாக, வெளிச்சமாக இருக்கும் அடிவானத்தைத் தேடுகிறது. இருட்டில் கடல் பக்கம்தான் அப்படி இருக்கும், கரைப் பக்கம் மணல்மேடும் பனையும் கறுப்பாக நிற்கும். கரையில் ஒரு பெரிய விளக்கு எரிந்தால் போதும், அத்தனையும் அங்கே திரும்பிவிடும். விடிந்து பார்த்தால் சின்னச் சின்னத் தடம் ரோட்டைப் பார்த்துப் போயிருக்கும், காக்காயும் நாயும் முந்தியிருக்கும்.

அறிவு இருந்தால் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் பிறந்துவிட்டுத் தார் ரோட்டுக்குப் போகுமா? பொரிப்பகத்தில் குஞ்சு விடும்போது விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவது இதனால்தான்.

விலங்கியல் வாத்தியார்

அக்கா சொன்னதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

கடலாமைகள் பத்துக் கோடி வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. மின்விளக்கு வந்து சுமார் நூற்றைம்பது வருடம்தான். அந்த நீண்ட காலம் முழுக்க, இரவில் வெளிச்சமான அடிவானம் என்றால் கடல். அந்தப் பக்கம் திரும்பும் இயல்போடு பிறந்த குஞ்சுகளில் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்தன, பெரிதாகி முட்டையிட்டன, அந்த இயல்பு பிள்ளைகளுக்கும் போனது. வேறு பக்கம் திரும்பியவை நண்டுக்கும் நரிக்கும் போயின. இதற்கு மேல் அங்கே ஒன்றும் நடக்கவில்லை. "கடல்" என்ற எண்ணம் குஞ்சிடமும் இல்லை, குஞ்சை இப்படி ஆக்கியதிலும் இல்லை. நேற்று வரை என்ன நடந்ததோ அதற்கு மட்டும்தான் இயற்கைத் தேர்வு பதில் சொல்லும். நாளைக்குத் தெருவிளக்கு வரும் என்று அதற்குத் தெரியாது. முன்யோசனை இல்லாத ஒன்றைப் புத்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிலா கேட்ட சங்கும் இதே கதைதான். ஓடு இல்லாத மெத்தென்ற உடம்பு, விலாங்கும் களவா மீனும் சுற்றி வரும் கடலடி. ஆபத்து என்றால் பொந்துக்குள் ஒட்டிக்கொள் என்பது அதை அன்றாடம் காப்பாற்றும் வழி. பொந்தே மேலே தூக்கப்படும் என்பது அதன் வம்சத்துக்குப் பழக்கமில்லாத ஆபத்து. மூடி திறக்கிற புத்தி இருந்தும், உயிர்ப் பயம் வந்தால் பழைய வழிதான் முன்னால் நிற்கிறது.

இன்னொரு சாட்சி நம் அடுப்படியில் இருக்கிறது. அடுத்த தடவை ஓட்டுக் கணவாய் (பேய்க்கணவாயின் உறவு, உள்ளே ஓடு உள்ளது) வாங்கினால் கண்ணைத் தனியாக அறுத்துப் பாருங்கள். பாசிமணி மாதிரி உருண்டையாக, கெட்டியாக ஒரு வில்லை வெளியே வரும். அதற்குப் பின்னால் கறுப்பாக ஒட்டியிருப்பது விழித்திரை. நம் கண்ணிலும் வில்லை, விழித்திரை, நடுவில் இருட்டறை என்று அதே ஏற்பாடுதான். ஆனால் கணவாயும் நாமும் தனித்தனி வழியில் அங்கே வந்து சேர்ந்தோம். கணவாய்க்கு விழித்திரையின் நரம்புகள் பின்பக்கமாகவே வெளியேறுகின்றன. நமக்கு அவை வெளிச்சம் வரும் முன்பக்கத்தில் பரவி, ஓரிடத்தில் கூடி, விழித்திரையைத் துளைத்துக்கொண்டு பின்னால் போகின்றன. அந்த இடத்தில் பார்வை கிடையாது, குருட்டுப் புள்ளி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கணவாய்க்கு அந்தக் குறை இல்லை.

யோசித்துச் செய்த வேலையாக இருந்தால் கணவாய்க்குக் கிடைத்த நல்ல வழி நமக்கும் கிடைத்திருக்கும். பரம்பரை எந்தப் பாதையில் இறங்கியதோ அதையே திருத்தித் திருத்தித்தான் போக முடிகிறது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வழியில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தின் பலத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. வெளிச்சத்தை மட்டும் உணரும் ஒரு தட்டைத் தோலிலிருந்து வில்லை வைத்த கண் வரைக்கும் போக, ஒவ்வொரு அடியும் மிகச் சிறியதாக இருந்தாலும், நான்கு லட்சம் தலைமுறைக்குள் முடிந்துவிடும் என்று நில்சன், பெல்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

முதல் கேள்விக்கு என் பதில், ஆமாம், புத்திதான். பேய்க்கணவாய் கற்றுக்கொள்கிறது, கற்றதை நினைவில் வைக்கிறது, புதுச் சிக்கலுக்குப் புது வழி பார்க்கிறது. தாயிடம் கற்றது ஒன்றும் இல்லை. தாய் முட்டைகளைக் காத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்து, குஞ்சு பொரிக்கிற சமயத்தில் செத்துவிடுகிறது. ஒவ்வொரு குஞ்சும் எல்லாவற்றையும் தானே தொடங்க வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு வருட ஆயுளில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

பரமக்குடி நிரலர்

சார், நான் உங்களோடு பாதி வழிதான் வருவேன்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் பரிணாம முறையில் தீர்வு தேடுவது உண்டு. ஆயிரக்கணக்கான வடிவங்களைக் குருட்டாம்போக்கில் உண்டாக்கி, நன்றாக வேலை செய்வதை வைத்துக்கொண்டு, அவற்றைக் கலந்து கொஞ்சம் மாற்றி மறுபடி சோதிப்போம். நாசா 2006-ல் அனுப்பிய எஸ்டி-5 என்ற சிறு செயற்கைக்கோள்களின் ஆன்டெனா இப்படி வந்ததுதான். கோணல்மாணலாக வளைந்த கம்பி. மனிதர் யாரும் அப்படி வரைய மாட்டார், ஆனால் வேலை செய்தது.

அடுத்தது, ரிச்சர்டு வாட்சன், ஏர்ஷ் சாத்மாரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2016-ல் எழுதிய ஒரு கட்டுரையில், பரிணாமம் கற்றுக்கொள்கிறது என்பதை உவமையாக மட்டும் அல்லாமல் கணிதமாகவே சொல்லலாம் என்று வாதிட்டார்கள். முன்பு நடந்தவற்றின் சுவடு மரபணுக்களுக்கு இடையிலான தொடர்புகளில் தங்குகிறது. அதனால் அடுத்த தலைமுறையில் எந்த மாதிரி வேறுபாடுகள் எளிதாகப் பிறக்கும் என்பதும் மாறுகிறது. முயற்சி, தவறு, நினைவு மூன்றும் இருக்கின்றன. நரம்பில் நடந்தால் கற்றல், மரபணுவில் நடந்தால் வெறும் இயந்திரமா? இது நியாயமாகப் படவில்லை.

விலங்கியல் வாத்தியார்

தம்பி, கற்றல் என்று சொல்ல எனக்குத் தடையில்லை. இரண்டு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. உங்கள் ஆன்டெனாவுக்கு "இந்த அலைவரிசையில் இவ்வளவு வாங்க வேண்டும்" என்று பொறியாளர்கள் முதலிலேயே எழுதி வைத்தார்கள். கடலில் அப்படி யாரும் எழுதவில்லை. பிழைத்துப் பிள்ளை பெற்றது மிஞ்சுகிறது, அவ்வளவே. அப்புறம், பேய்க்கணவாய் ஒரு முள்ளைத் தொட்டுக் கற்றுக்கொண்டால் அடுத்த நிமிடம் அதுவே பயனடையும். இயற்கைத் தேர்வில் தவறு செய்தது திருந்துவதில்லை, சாகிறது. திருந்துவது வம்சம். இத்தனை சாவை விலையாகக் கொடுத்து நகர்கிற ஒன்றை நான் வேறு வகையில்தான் வைப்பேன்.

மண்டபம் கடல்மாணவி

சார், அண்ணன் இருவருமே இயற்கைத் தேர்வை ஒரு பக்கமும் உயிரினங்களை இன்னொரு பக்கமும் நிறுத்திப் பேசுகிறீர்கள். எனக்கு அந்தக் கோடு சரியாகப் படவில்லை.

ஓட்டுக் கணவாயையே எடுத்துக்கொள்வோம். உயிரோடு வலையில் ஏறும்போது அதன் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? வரிக்குதிரைக் கோடு ஓடும், நொடியில் மங்கும், மணல் புள்ளியாகும், தோலே கரடுமுரடாக எழும்பிப் பாசி படிந்த கல் ஆகிவிடும். இத்தனைக்கும் அதற்கு நிறம் தெரியாது. கண்ணில் ஒரே ஒரு வகை நிறமிதான் இருக்கிறது. அப்படியானால் பச்சைக்குப் பச்சை, பழுப்புக்குப் பழுப்பு என்று இந்தத் தோலைச் சரிபார்த்தது யார்? அதைத் தின்ன வந்த மீன்கள். அவற்றுக்கு நிறம் தெரியும். கூர்மையாகப் பார்க்கிற மீனிடம் தப்பாத தோல் போய்விட்டது, தப்பிய தோல் மிஞ்சியது. கணவாயின் முதுகில் இருப்பது எதிரிகளின் பார்வைத் திறமை. பார்த்து, பிரித்தறிந்து, நினைவில் வைத்து வேட்டையாடும் மனங்கள் இல்லாத கடலில் இப்படி ஒரு தோல் வந்திருக்காது.

நம் ஊர்க் கருவேலங்காட்டு மயிலும் அப்படித்தான். அந்தத் தோகையைச் சுமந்துகொண்டு பறப்பது பாடு. ஆனால் பெண்மயில் நின்று பார்த்து, ஒன்றை ஒதுக்கி இன்னொன்றோடு சேர்கிறது. டார்வின் 1871-ல் இதற்கென்றே பக்கம் பக்கமாக எழுதினார். இங்கே தேர்வு செய்வது உண்மையிலேயே ஒரு மூளை.

மூன்றாவது வழியும் உண்டு. ஒரு பிராணி தன் புத்தியால் புதுப் பழக்கத்தைக் கற்றால், அந்தப் பழக்கமே அதன் வாழ்க்கையை மாற்றிவிடும். அப்புறம் அந்தப் புது வாழ்க்கைக்கு ஏற்ற உடம்பு பல தலைமுறையில் தேறி வரும். 1896-ல் பால்டுவின், லாயிட் மார்கன், ஆஸ்பார்ன் மூவரும் தனித்தனியாக இந்த யோசனையைச் சொன்னார்கள். மனிதரிலேயே சாட்சி இருக்கிறது. மாடு வளர்த்துப் பால் குடிக்கத் தொடங்கியது முதலில், பெரியவரானபின்பும் பாலைச் செரிக்கும் மரபணு சில மக்களிடம் பெருகியது அதற்கு அப்புறம். புத்தி முன்னே போனது, தேர்வு பின்னே வந்தது.

ஆக, என் கட்சி இதுதான்: இயற்கைத் தேர்வுக்கென்று தனியாக ஒரு புத்தி இல்லை. ஆனால் அது வேலை செய்யும் களத்தில் புத்தியுள்ள பிராணிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் கண்ணும் நினைவும் விருப்பமும் யார் பிழைப்பது என்பதைத் தீர்மானிக்கின்றன.

சாயல்குடி பனங்காடு

நல்லா சொன்னீங்க தங்கச்சி. ஒரு இடம் மட்டும் இடிக்கிறது. காக்கா எவ்வளவு புத்திசாலி என்று நமக்கே தெரியும். குயிலைக் கண்டால் துரத்தித் துரத்திக் கொத்தும். ஆனால் கூட்டில் குயில் முட்டை கிடந்தால் அடைகாக்கிறது, குஞ்சுக்கு ஊட்டி வளர்க்கிறது. அந்தப் புத்தி ஏன் இங்கே கைகொடுக்கவில்லை?

மண்டபம் கடல்மாணவி

அண்ணே, குயில் முட்டையைப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். காக்கா முட்டையைவிடச் சின்னது, ஆனால் அதே பச்சை சாயலும் பழுப்புப் புள்ளியும். ஐரோப்பாவில் குயில்களிடம் நன்றாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ப்புப் பறவை வித்தியாசமான முட்டையை வெளியே தள்ளத் தள்ள, அதன் முட்டையைப் போலவே இருக்கும் குயில் முட்டைகள்தான் மிஞ்சுகின்றன. ஏமாறுகிறவரின் கூர்மைதான் ஏமாற்றுகிறவரைத் தேற்றிவிடுகிறது. அப்புறம், சந்தேகப்பட்டு முட்டையைத் தள்ளும் காக்கா தன் சொந்த முட்டையையே தள்ளிவிடும் ஆபத்தும் இருக்கிறது. அந்த நஷ்டம் பெரிதென்றால் ஏமாந்தாலும் பரவாயில்லை என்கிற காக்காதான் அதிகப் பிள்ளை பெறும். ஒரு காரியத்தில் புத்தி இருப்பதால் எல்லாக் காரியத்திலும் இருக்க வேண்டும் என்று இல்லை.

கீழக்கரை பாய்

எல்லாரும் மரியாதையாகப் பேசுவதற்கு நன்றி. ஆமைக் குஞ்சு விஷயத்தில் அக்கா சொன்னது மனதில் நிற்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன் வாத்தியாரே. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து கண்டுபிடித்த வாலஸே, மனிதனின் மனம் அதால் மட்டும் வந்திருக்காது, அதற்கு மேலான ஓர் அறிவு வேண்டும் என்று 1869-ல் எழுதினார் இல்லையா? பிழைப்பதற்குக் கணக்கும் கவிதையும் எதற்கு?

விலங்கியல் வாத்தியார்

எழுதினார் பாய், உண்மைதான். டார்வினுக்கு அதில் பெரிய வருத்தம். நாம் இருவரும் பெற்ற பிள்ளையை நீங்கள் முழுதாகக் கொன்றுவிடவில்லை என்று நம்புகிறேன் என்று வாலஸுக்கே கடிதம் எழுதினார். ஆனால் ஒன்றுக்காக வந்தது இன்னொன்றுக்கும் உதவுவது உயிரினங்களில் சாதாரணம். ஆள் முகம் நினைவு வைக்க, கடன் கணக்கு நினைவு வைக்க, பேசிப் புரியவைக்க வளர்ந்த மூளை கவிதையும் பாடும். டார்வின் கடைசிக் காலத்தில், 1881-ல், மண்புழுவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். முக்கோணமாக வெட்டிய காகிதங்களைப் போட்டு, புழுக்கள் பெரும்பாலும் கூர்முனையைப் பிடித்தே வளைக்குள் இழுப்பதைப் பார்த்து, அவற்றுக்கும் கொஞ்சம் புத்தி உண்டு என்று முடிவுக்கு வந்தார். மனித மனத்தைத் தனியாக ஒரு மேட்டில் தூக்கி வைக்க அவர் ஒப்பவில்லை. புழுவிலிருந்தே அது படிப்படியாக இருக்கிறது என்று பார்த்தார். உங்கள் நம்பிக்கையில் கைவைக்க நான் வரவில்லை. அந்தப் படிகளின் நடுவே இங்கேதான் வெளியிலிருந்து ஒரு கை வந்தது என்று காட்ட ஓர் இடைவெளி இல்லை என்பதே என் கட்சி.

தங்கச்சிமடம் அக்கா

இன்னொன்றும் இருக்கிறது. எல்லாம் புத்தியை நோக்கித்தான் போகிறது என்று நினைக்கக் கூடாது. ஆவுளியா இருக்கிறது, கடல் பசு. அவ்வளவு பெரிய உடம்புக்குச் சின்ன மூளை, மடிப்பே அதிகம் இல்லாதது என்கிறார்கள். கடல்புல் ஓடிப்போகாது, மேய்ந்தால் போதும். பை மாதிரி இருக்கும் ஆசிடியன் என்ற கடல் பிராணி இன்னும் கஷ்டம். குஞ்சாக நீந்தித் திரியும்போது சின்னதாக மூளை இருக்கும். பாறையிலோ படகின் அடியிலோ ஒட்டி உட்கார்ந்ததும் அந்த மூளையைக் கரைத்துத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஆயுள் முழுக்க நீரை உள்ளே இழுத்து வெளியே பீய்ச்சுவதுதான் வேலை. அமுக்கினால் முகத்தில் அடிக்கும், படகு சுரண்டுகிறவர்களுக்குத் தெரியும். வேலை இல்லாத இடத்தில் மூளை தண்டச் செலவு.

பரமக்குடி நிரலர்

சரி, கடல்மாணவி சொன்ன கோட்டுக்கு நான் வருகிறேன். அப்படியானால் இன்றைக்குக் கடலில் மிகப் பெரிய "புத்தியுள்ள எதிரி" நாம்தானே? நம் வலை மீன்களை என்ன செய்துகொண்டிருக்கிறது?

மண்டபம் கடல்மாணவி

அதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. அமெரிக்கக் கரையில் சில்வர்சைடு என்று ஒரு வருடமே வாழும் சின்ன மீன். கானோவர், மன்ச் இருவரும் அதைத் தொட்டியில் வளர்த்து, ஒரு கூட்டத்தில் பெரியவற்றையும் இன்னொன்றில் சின்னவற்றையும் தலைமுறைக்குத் தலைமுறை அகற்றிக்கொண்டே வந்தார்கள். நான்கே தலைமுறை. 2002-ல் வெளியான முடிவில், பெரியவற்றை எடுத்த கூட்டத்து மீன்கள் மற்றதில் ஏறக்குறைய பாதி எடைதான். வலைக்கண்ணும் இதையேதான் செய்கிறது: சின்னது நழுவும், பெரியது மாட்டும். சீக்கிரம் வளர்வது மீனுக்குக் குற்றமாகிவிடுகிறது. வலை பின்னியவருக்குப் புத்தி உண்டு, ஆனால் மீன் சிறுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. பிற்பாடு பெரியவற்றை எடுப்பதை நிறுத்திப் பார்த்தபோது அளவு மெல்ல ஏறியது, ஆனால் முழுதாகப் பழைய இடத்துக்கு வரவில்லை.

ஆமைக்குத் தெருவிளக்கு வரும் என்று எதற்கும் தெரியாமல் இருந்தது. வலை என்ன செய்யும் என்பது நமக்கு இப்போது தெரியும். இந்த மொத்த விஷயத்தில் முன்யோசனை என்ற ஒன்று எங்காவது இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது.

தங்கச்சிமடம் அக்கா

தெரியும் தங்கச்சி, ஆனால் கரையில் வந்து சொல்லும்போது கணக்கோடு சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கட்டிக் கிடக்கிறது. அது முட்டையிடும் காலத்தைக் காப்பாற்றும், பெரிய மீனைக் காப்பாற்றாது. தடை முடிந்து இறங்குகிறவன் முதல் வாரத்தில் பெரியதைத்தான் தேடுவான், விலை அதற்குத்தான். வலைக்கண்ணைப் பெரிதாக்கு என்றால் இறாலும் சூடையும் நழுவிப் போய்விடும், அதை நம்பி உலை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்னதையும் விடு, ரொம்பப் பெரியதையும் விடு, நடுவில் இருப்பதை எடு என்று ஒரு வலை பின்ன முடியுமா? முடியும் என்றால் எந்த மீனுக்கு எவ்வளவு கண் என்று எழுது. மீனவர் சங்கத்தில் வாசித்துக் காட்டுகிறேன்.